அந்த இரண்டு புள்ளிகளைத் தூக்கிவிடலாமா? – ஆய்வு நேர்மை: கேள்வி-பதில்

கே: வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் கோட்டை விட்டுத் தள்ளி நிற்கின்றன. "தூக்கிவிடு, இல்லையென்றால் கட்டுரையை மதிப்பிடும் ரெஃபரி நோண்டுவார்" என்கிறார் என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு. தூக்கலாமா?

ஏன் தூக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அன்று மின்சாரம் போய் ஃப்ரீசரில் இருந்த மாதிரி கெட்டுவிட்டது, அதை அன்றைக்கே லேப் நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறீர்கள் என்றால் தாராளமாக விலக்கலாம். விலக்கியதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். கோட்டோடு ஒட்டவில்லை என்பது மட்டுமே காரணமென்றால், அது தரவைத் திரிப்பது.

இல்லாத தரவை உருவாக்குவது, இருப்பதைத் திரிப்பது, அடுத்தவர் எழுத்தையோ யோசனையையோ திருடுவது: விதிமுறைகள் பெரும்பாலும் இந்த மூன்றையும்தான் முறைகேடு என்கின்றன. இதில் நடுவில் இருப்பதற்கு மட்டும் ஆய்வகங்களில் 'அட்ஜஸ்ட்மெண்ட்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு.

கைடை எதிர்த்துப் பேசுவது சுலபமில்லை, தெரியும். புள்ளிகளோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு படம் போட்டுக்கொண்டு போய், "சார், முழுப் படத்தைப் பின்னிணைப்பில் வைத்துவிடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். குற்றம் சாட்டுவது போல இருக்காது.

கே: ஆய்வகத்துக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்புறம் போலித் தரவை எப்படிப் பிடிக்கிறார்கள்?

பல நேரம், அச்சான கட்டுரையை வைத்தே. 20 பேரிடம் 1 முதல் 5 வரை முழு எண்ணில் மதிப்பெண் வாங்கியதாகவும், சராசரி 3.48 வந்ததாகவும் ஒரு கட்டுரை சொல்கிறது என்று வையுங்கள். மொத்தம் 69 என்றால் சராசரி 3.45. மொத்தம் 70 என்றால் 3.50. இடையில் 3.48 வர வழியே இல்லை. நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் சொன்ன இந்தச் சோதனைக்கு 'கிரிம்' என்று பெயர். ஒரு கால்குலேட்டர் போதும். ஆனால் உடனே "ஃப்ராடு" என்று கத்த வேண்டாம். அதே கணக்கை 21 பேருக்குப் போட்டுப் பாருங்கள்: 73ஐ 21ஆல் வகுத்தால் 3.48 வந்துவிடும். யாரோ ஆள் எண்ணிக்கையைத் தப்பாகத் தட்டியிருக்கலாம். முரணைக் காட்டுவதோடு இந்தச் சோதனையின் வேலை முடிந்தது. விளக்கம் தர வேண்டியது மூலத் தரவு.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் ஹென்ட்ரிக் ஷோன் மாட்டியதும் இப்படித்தான். வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல்கூட (அளவீட்டில் தானாக வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்) அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. இரைச்சல் என்பதே தற்செயல். அது இரண்டு முறை ஒரே மாதிரி வராது. விசாரணைக் குழு மூலத் தரவைக் கேட்டபோது, கணினியில் இடம் போதாமல் அழித்துவிட்டேன் என்றார். முறையான லேப் நோட்டும் இல்லை. 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதியானதாக 2002இல் அறிக்கை வந்தது.

படங்களுக்கு வெறும் கண்ணே போதும் என்று காட்டியவர் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக். அவரும் இரு சகாக்களும் 20,621 கட்டுரைகளைப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் பொருந்தாத இடத்தில் மறுபடி வந்திருந்தது.

கே: கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார் என்றால் ஆள் திருடர்தானே?

இல்லை. 2018இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சிஸ் ஆர்னால்ட், 2019இல் வந்த தன் கட்டுரையை 2020 ஜனவரியில் தாமே திரும்பப் பெற்றார். முடிவுகள் மறுபடி வரவில்லை, நோட்டில் முக்கியமான பதிவுகளும் இல்லை. அந்தச் சமயத்தில் வேலை அதிகம், சரியாகக் கவனிக்கவில்லை என்று வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். எனக்கு அவர் மீது மதிப்பு கூடத்தான் செய்தது. மறுபக்கம், தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை, லான்செட் மருத்துவ இதழில் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. அதை இதழ் திரும்பப் பெற 12 ஆண்டுகள் ஆயின.

கே: நான் மாதிரிகள் மட்டும்தான் கொடுத்தேன். கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது. தரவு போலி என்றால் எனக்கும் பங்கு உண்டா?

தண்டனையில் இல்லாமல் போகலாம், பதில் சொல்வதில் உண்டு. மாதிரி கொடுத்ததற்கு நன்றியுரையில் ஒரு வரி போதும். பெயர் போட்டால் முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்கிறது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு. கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றி 2020 மே 22இல் லான்செட்டில் வந்த கட்டுரையை நினைத்துப் பாருங்கள். சுமார் 96,000 நோயாளிகள், 671 மருத்துவமனைகள். தரவைக் கொடுத்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம் மூலத் தரவைச் சரிபார்க்கத் தர மறுத்ததும், கட்டுரையை எழுதியவர்களில் அந்த நிறுவனத்தின் தலைவரைத் தவிர மற்ற மூவரும் அதைத் திரும்பப் பெற்றார்கள். தேதி ஜூன் 4, இரண்டே வாரம். வேகமாகச் செய்தார்கள், சரி. கையெழுத்துப் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டாமா?

கே: வேறொருவர் கட்டுரையில் ஒரே படம் இரண்டு இடத்தில் இருப்பதைப் பார்த்தேன். யாரிடம் சொல்வது?

இதழின் எடிட்டருக்கு எழுதுங்கள். எந்தப் படம், எந்தப் பகுதி, எதோடு ஒத்துப்போகிறது என்பது மட்டும் இருக்கட்டும். 'மோசடி' என்ற சொல் வேண்டாம். நோக்கம் உங்களுக்குத் தெரியாது. இதழ், கட்டுரையை எழுதியவரிடம் விளக்கம் கேட்கும், திருப்தி இல்லையென்றால் அவருடைய நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கேதான் சிக்கல்: தன் பெயர் கெடும் விஷயத்தைத் தானே விசாரிக்கும் நிறுவனம் அவசரப்படாது. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இழுக்கும். அனுப்பிய எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருங்கள். வெளியான கட்டுரைகளைப் பற்றி விவாதிக்கும் பப்பியர் தளத்தில் பெயர் சொல்லாமலும் எழுதலாம். நீங்கள் அதே ஆய்வகத்து மாணவர் என்றால், முதலில் வெளியே நம்பகமான ஒரு பேராசிரியரிடம் பேசுங்கள்.

கே: என் கட்டுரையை மற்ற கட்டுரைகளோடு ஒப்பிடும் சாஃப்ட்வேரில் ஒற்றுமை 9 சதவீதம்தான். அப்போது திருட்டு இல்லைதானே?

அந்த எண் சொற்களை மட்டும்தான் எண்ணுகிறது. இதை ஏமாற்ற, திருடிய பத்தியைச் சொல் மாற்றும் கருவியில் போட்டு எடுப்பவர்கள் உண்டு. அப்படித்தான் ஆங்கிலக் கட்டுரைகளில் 'செயற்கை நுண்ணறிவு' போய்ப் 'போலி உணர்வுநிலை' என்ற பொருளில் ஒரு சொல் வந்தது, மார்பகப் புற்றுநோய் 'மார்பு ஆபத்து' ஆனது. பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் சகாக்களும் இப்படிப்பட்ட சொற்களைத் தேடியே போலிக் கட்டுரைகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கும் ஒற்றுமைச் சதவீதம் குறைவாகத்தான் வந்திருக்கும்.