கேபிள் மாட்டியும் டிவியில் படம் வரவில்லையே?

கேள்வி: டைப்-சி டு எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கினேன். போனில் மாட்டினால் டிவியில் ‘நோ சிக்னல்’தான். கேபிள் பழுதா?
– வாசகி, தேனி

பதில்: பெரும்பாலும் கேபிள்மேல் குற்றமில்லை. டைப்-சி துளை இருந்தாலே படம் வெளியே போய்விடாது. அந்தத் துளை வழியே படத்தை அனுப்பும் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ வசதி போனில் வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இருக்காது. ஐபோன் 15, கேலக்ஸி எஸ்8 போன்றவற்றில் உண்டு. உங்கள் போனில் இல்லையென்றால் கேபிளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிள் இல்லாமலும் வழியுண்டு. உங்களுடையது ஆண்ட்ராய்டு டிவியா? போனையும் அதையும் ஒரே வைஃபையில் இணைத்து, யூடியூபில் காஸ்ட் (டிவிக்கு அனுப்பும்) குறியைத் தொடுங்கள். டிவியே நேரடியாக வீடியோவை எடுத்துக்கொள்ளும். நீங்கள் போனில் தாராளமாகப் பேசலாம். குறியே தெரியாவிட்டால், இரண்டில் ஒன்று ‘கெஸ்ட்’ (விருந்தினருக்கான தனி) வைஃபையில் இருக்கிறதா பாருங்கள். போன் திரையை அப்படியே டிவியில் காட்டும் மிரரிங் செய்தால் சில ஓ.டி.டி. படங்கள் கறுப்பாகத்தான் வரும். அது திருட்டைத் தடுக்கும் பூட்டு, பழுதல்ல.