அரிசோனா மலைப்பாதைகளில் இடுப்பில் துப்பாக்கி வெளியே தெரிய நடக்கிறார்களே, இது சட்டப்படி சரியா? நாமும் எடுத்துப் போகலாமா?

கேள்வி கேட்டவர் ஃபீனிக்ஸுக்கு வேலை மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகிறதாம். எச்1பி, அதாவது தற்காலிக வேலை விசா. முதல் ஹைக்கிங்கிலேயே இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஒருவர் எதிரே வந்திருக்கிறார். அதிலிருந்து மனைவி மலைப்பக்கமே வரமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வைத்திருந்தது சட்டப்படி சரி. அவரைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் விசாவில் நீங்கள் துப்பாக்கியைத் தொடவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இங்கே வந்து பதினான்கு வருடம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சனிக்கிழமை காலை என்றால் ஏதாவது ஒரு மலையில் இருப்பேன். உங்கள் மனைவிக்கு வந்த அதே பயம் என் அப்பாவுக்கும் வந்தது. ஒரு ஜனவரியில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தவரை சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரில் பெரால்டா பாதைக்குக் கூட்டிப் போனேன். பாதி வழியில் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் ஒருவர் மேலிருந்து இறங்கி வந்தார். தோல் உறையில் ரிவால்வர். உறையின் ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. பெல்ட்டில் வரிசையாகத் தோட்டாக்கள். எங்களைப் பார்த்ததும் பாதையை விட்டு விலகி ஒரு பாறையோரம் நின்றுவிட்டார். அப்பா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்களை மறிக்கத்தான் நிற்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அவர் நின்றது வழிவிடுவதற்காக. மேலே ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது இங்கே மலைப்பாதை மரியாதை. தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். அடுத்த வளைவில் பாறை ஈரமாக இருக்கிறது, உங்கள் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சொன்ன இடத்தில் பாறை ஈரமாகத்தான் இருந்தது.

அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு அப்பா கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு லைசென்ஸ் யாரு குடுத்தா?" எங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் அதையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்த பிறகு போய் வாங்கி வருவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, இங்கே யாரும் லைசென்ஸ் தரவில்லை, தரவும் வேண்டியதில்லை என்று நான் சொன்னது விளங்கவே இல்லை.

உண்மை அதுதான். அரிசோனா 1912இல் மாநிலமானபோதே அதன் அரசியல் சாசனத்தில் தனிமனிதர் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை எழுதப்பட்டுவிட்டது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர், 18 வயது ஆகியிருந்தால், வெளியே தெரியும்படி அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். மறைத்து வைத்துக்கொள்வதற்குத்தான் முன்பு பெர்மிட் தேவைப்பட்டது. 2010 ஜூலை இறுதியிலிருந்து 21 வயது ஆனவர்களுக்கு அதுவும் தேவையில்லை. பழைய ஆட்கள் பலர் சட்டையை உள்ளே விட்டு உறை வெளியே தெரியும்படி மாட்டியிருப்பதற்கு இந்தப் பழைய விதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெளியே தெரிவது மிரட்டுவதற்காக அல்ல. ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை என்பதுதான் அவர்கள் பக்கத்து அர்த்தம். சூப்பர்ஸ்டிஷன் மலைகள் இருக்கும் டான்டோ தேசியக் காட்டிலும் இதே கதைதான், வைத்திருக்கலாம். ஆனால் குடியிருப்பு, முகாம், ஆள் நடமாட்டம் உள்ள இடம் இவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. சாலைக்கு மேலாகவோ நீர்நிலைக்கு மேலாகவோ சுடக் கூடாது.

கிராண்ட் கேன்யன் மாதிரி தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி 22 முதல் அந்தந்த மாநிலச் சட்டம்தான் செல்லும். அதனால் அங்கும் இடுப்பில் துப்பாக்கியோடு ஆட்களைப் பார்ப்பீர்கள். ஆனால் பார்வையாளர் மையம் போன்ற மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது. வைத்திருக்கலாம் என்பதற்குச் சுடலாம் என்று அர்த்தமும் இல்லை. பழங்குடி மக்களின் நிலம் முற்றிலும் வேறு. நம் ஆட்கள் எல்லாரும் ஆசைப்படும் ஹவாசு அருவி ஹவாசுபாய் மக்களுடையது, அங்கே ஆயுதத்துக்கு இடமே இல்லை. மானுமென்ட் வேலியும் ஆன்டிலோப் கேன்யனும் நவஹோ நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டவை. கொலராடோ ஆற்றைத் தாண்டி கலிபோர்னியாவுக்குள் போனாலும் அரிசோனா வழக்கம் செல்லாது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் குடியேறா (தற்காலிக) விசாவில் இருப்பவர், அதாவது எச்1பி, எச்4, எல்1, எஃப்1, அப்பா அம்மா வரும் பி2 எல்லாமே, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அரிசோனா எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வாங்கினாலே "வைத்திருந்தார்" என்று வாதிட இடம் உண்டு. தண்டனை 15 வருடம் வரை போகலாம். அதோடு நாடுகடத்தலும் வரலாம். ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் ஆகிவிட்டது, வரிசையில் நிற்கிறேன் என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது. கிரீன் கார்டு கையில் வந்த பிறகுதான் நிலைமை மாறும். மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் அதை யூடியூப் பார்த்து முடிவு செய்யாமல் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர் விசாவில் வந்து, கல்லூரி நீக்கியதால் விசா தகுதி போன ஒருவர் ஃபுளோரிடாவில் பயிற்சிக் களத்துக்குப் போய்க் குறிபார்த்துச் சுட்டிருக்கிறார். யாரையும் மிரட்டவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனாலும் வழக்கு பாய்ந்தது. தன் தகுதி போய்விட்டது அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டுமா என்ற கேள்வி 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நிரூபிக்கத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்குள் அந்த மனிதர் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஹைக்கிங் குழுவிலேயே இப்படி ஆகப் பார்த்தது. டான்டோ காட்டில் மண்மேடு ஒன்றின் முன்னால் சிலர் குறி பழகிக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்த தம்பி ஒருவன், எச்1பி, இருபத்தாறு வயது. அவர்களிடம் பேச்சுக் கொடுத்தான். அவர்களும் பாசமாகத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, "வா, ஒரு தடவை சுட்டுப் பார், போட்டோ எடுக்கிறோம்" என்றார்கள். கூட வந்த இன்னொரு நண்பர் பாய்ந்து போய், "டேய், கையை எடு" என்று இழுத்துக்கொண்டு வந்தார். தம்பிக்கு அன்று முழுக்கக் கோபம். வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு அவனே அந்த நண்பருக்கு போன் செய்து நன்றி சொன்னான். அந்தப் படம் இன்ஸ்டாகிராமில் ஏறியிருந்தால் அவன் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் வீட்டில் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

சரி, சட்டம் அனுமதிக்கிறவர்கள் ஏன் எடுத்துப் போகிறார்கள்? பாம்பு, மலைச்சிங்கம், செல்போன் சிக்னல் இல்லாத இடம், தாத்தா காலத்துப் பழக்கம், இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். எல்லாவற்றையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். 2023 ஜூனில் பிரெஸ்காட் பக்கத்தில் காலை நேரத்தில் வெளியே உட்கார்ந்திருந்த ஒருவரைக் கருங்கரடி கொன்றது. அதைச் சுட்டுத் தள்ளியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் அது அபூர்வத்திலும் அபூர்வம். பாம்பைப் பொறுத்தவரை, அரிசோனாவில் 13 வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் இருக்கின்றன. அது வாலை ஆட்டிச் சத்தம் போடுவதே "நான் இங்கே இருக்கிறேன், தள்ளிப் போ" என்று சொல்லத்தான். மெல்லப் பின்னால் விலகி வந்தால் பிரச்சினை முடிந்தது. கொல்லப் போய், பிடிக்கப் போய்க் கடிபட்டவர்களும் நிறைய. பாறைமேல் சுட்டால் குண்டு தெறித்து யார்மேல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஊரில் மலையில் ஆளைக் கொல்வது வெயில். 2023இல் ஃபீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து பகல் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸை, எட்டியது. அந்த ஒரு வருடத்தில் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோப்பா கவுண்டியில் வெப்பத்தோடு தொடர்புடைய சாவு மட்டும் 645. வீட்டில், தெருவில், மலையில் எல்லாம் சேர்த்து. 2021இலிருந்து கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் கேமல்பேக் மலை போன்ற பாதைகளைப் பகலில் மூடியே விடுகிறார்கள். நடுத்தர அளவு கைத்துப்பாக்கி ஒன்று, கிளாக் 19 என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 தோட்டாவோடு 850 கிராம் வருகிறது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரின் எடை. எனக்கு இந்த ஒப்பீடு தற்செயலாகத் தோன்றியதில்லை. என் பையில் இரண்டில் ஒன்றைக் குறைக்க வேண்டி வந்தபோது வந்த கணக்கு அது.

ஆமாம், நானும் ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்துப் போனேன். கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கினேன், முறையாக வகுப்புக்கும் போனேன். அந்த வகுப்பில்தான் 2004இல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார்கள். ஸ்ட்ராபெரி என்ற சின்ன ஊர்ப் பக்கம், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தனியாக நடந்துவிட்டு மாலையில் காருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கட்டாத நாய்கள் அவரை நோக்கி ஓடிவந்தன. எச்சரிக்கையாக நிலத்தில் ஒரு குண்டு சுட்டார். நாய்களோடு இருந்தவர் கத்திக்கொண்டே சரிவில் அவரை நோக்கி ஓடிவந்தார். ஆசிரியர் அவரைச் சுட்டுவிட்டார். ஓடிவந்தவர் கையில் ஆயுதம் இல்லை. 2006இல் ஆசிரியருக்குப் பத்து வருடச் சிறை. அந்த வழக்கின் சூட்டில் தற்காப்புச் சட்டத்தையே அரிசோனா மாற்றியது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்ய, அவர் வெளியே வந்தார். யார் பக்கம் நியாயம் என்று இங்கே இன்னும் பேசுகிறார்கள். எனக்கு மனதில் நிற்பது எல்லாம் எத்தனை நொடியில் முடிந்தது என்பதுதான். நாய் ஓடிவந்ததில் தொடங்கி ஓர் உயிர் போனது வரை.

அது நடந்த இடத்துக்கு வெகு தூரமில்லாத ஒரு காட்டுப்பாதையில், பிப்ரவரியில், எனக்கும் ஒரு நாய் ஓடிவந்தது. பெரிய கறுப்பு நாய், கழுத்தில் கயிறு இல்லை. நான் யோசிக்கும் முன்னாலேயே என் கை இடுப்புக்குப் போய்விட்டது. துப்பாக்கியின் பிடி விரலில் தட்டுப்பட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, குளிரில் சில்லென்று இருந்தது. பின்னாலேயே கல்லூரிப் பையன் ஒருவன் ஓடிவந்தான். நாயைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான். அப்படியே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டான். நாய் என் பேன்ட்டை முகர்ந்துவிட்டு அவனிடம் திரும்பிப் போனது. அவன் மன்னிப்புக் கேட்டான், நானும் கேட்டேன். அவன் முகம் எத்தனையோ நாள் தூக்கத்தில் வந்தது. இங்கே வந்த புதிதில் நான் யாரைப் பார்த்துப் பயந்தேனோ, அவனுக்கு அன்று அந்த ஆள் நான்தான்.

அன்றிலிருந்து அது வீட்டுப் பெட்டகத்தில் பூட்டியே இருக்கிறது. எடுத்துப் போகிறவர்கள் தவறு செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரால்டாவில் பார்த்த பெரியவர் மாதிரி, மாட்டியிருப்பதே மறந்துபோகும் அளவுக்கு நிதானமானவர்கள் நிறையப் பேர். எனக்கு அது மறக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க எதிரே வரும் ஒவ்வொருவரையும் நான் எடைபோட்டுக்கொண்டே நடந்தேன். சகுவாரோ கள்ளிகளையும் வீவர்ஸ் நீடில் பாறையையும் பார்க்கத்தானே மலைக்குப் போகிறோம்.

அடுத்த முறை அப்படி ஒருவர் எதிரே வந்தால் மற்றவர்களுக்குச் சொல்வதுபோல "குட் மார்னிங்" சொல்லுங்கள். துப்பாக்கியையே பார்க்க வேண்டாம், அதைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். படம் எடுக்காதீர்கள். துப்பாக்கி உறையில் இருந்து, கை அதன்மேல் இல்லாமல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. குடித்திருப்பது போலவோ, வெளியே எடுத்து வைத்துக்கொண்டு இருப்பது போலவோ தெரிந்தால் பேச்சுக் கொடுக்காமல் திரும்பி வந்து, சிக்னல் கிடைத்ததும் அவசர உதவி எண் 911க்கு அழையுங்கள்.

உங்கள் மனைவியை முதலில் பெரால்டாவுக்கே கூட்டிப்போங்கள். ஃப்ரீமான்ட் சாடில் என்ற கணவாய் வரை இரண்டேகால் மைல் ஏற்றம், அங்கே நின்றால் வீவர்ஸ் நீடில் நேர் எதிரே தெரியும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஆரஞ்சு, கொஞ்சம் உப்புக் கடலை. ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.