ரூ.2 லட்சம் கொடுத்தால் ரயில்வே வேலையா?

கேள்வி: மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ. ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து சேலம் காந்தி ஸ்டேடியத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். மாவட்ட அணியில் இருக்கிறாள். நேபாளத்தில் ‘சர்வதேச’ போட்டி ஆட வைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், அதை வைத்து ரயில்வே வேலை, பிறகு வெளிநாட்டு லீக் என்று ஒருவர் ரூ.2 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

நேபாளப் பயணம் உண்மையாகவே நடக்கும். கோப்பை, பதக்கம், பிளேசர், போட்டோ எல்லாம் வரும். அதனால்தான் நம்பிவிடுகிறோம். ‘இந்தியன்’, ‘நேஷனல்’, ‘ஃபெடரேஷன்’ என்று பெயரில் இருப்பதாலேயே ஒரு சங்கம் அதிகாரப்பூர்வமானது ஆகிவிடாது. கூடைப்பந்தில் இந்திய அணியைத் தேர்வு செய்வது பிஎஃப்ஐ எனும் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம். அது அனுப்பாத அணியில் ஆடிய சான்றிதழை ரயில்வேயில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ரயில்வேயைக் குறிவைப்பது சரிதான். இந்திய அணித் தலைவியாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையே தெற்கு ரயில்வே ஊழியர்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் 100 மதிப்பெண்: சாதனைக்கு 50, டிரையலுக்கு (நேரில் ஆடிக் காட்டும் தேர்வு) 40, படிப்புக்கு 10. டிரையலில் 40-க்கு 25 வராவிட்டால் அதோடு சரி, கையில் எந்தச் சான்றிதழ் இருந்தாலும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் ரூ.250, டிரையலுக்குப் போனால் அதையும் திருப்பித் தருகிறார்கள். இதில் 2 லட்சம் எங்கே வருகிறது?

மகளுக்கு வேண்டியது ஜூனியர் தேசியப் போட்டியில் தமிழக அணி இடம். 18 வயதுக்குட்பட்டோர் பிரிவு என்பதால் காலம் குறைவு. மாவட்டச் சங்கத்தில் மாநிலத் தேர்வுத் தேதியை இப்போதே கேளுங்கள். அணி முதல் 8 இடத்துக்குள் வர வேண்டும். ஆடி முடித்ததும், மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுச் சான்றிதழான படிவம் 2-இல் மாநிலச் சங்கச் செயலர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. அதில் தலைமையாசிரியர் கையெழுத்து செல்லாது, பள்ளிக் கல்வி இயக்ககத்து அதிகாரி போட வேண்டும். ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளையைச் சென்னைக்கு நடையாய் நடக்க விடுகிறார்கள், கேட்பாரில்லை.

கல்லூரி வழியும் உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான். பெரியார் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரியில் சேர்ந்து, கல்லூரிகளுக்கிடையே கோப்பை வாங்கினால் அது கணக்கில்லை. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும். அந்த அணி தென்மண்டலத்தில் ஜெயித்தாலும் போதாது. பல்கலைக்கழகங்களுக்கிடையேயான அகில இந்தியப் போட்டிக்குப் போய் முதல் 3 இடத்துக்குள் வர வேண்டும். அதுவும் பழைய வெற்றியாக இருக்கக்கூடாது. வேலை விளம்பரம் வரும் நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டும்தான் செல்லும். முதலாமாண்டு ஜெயித்துவிட்டு, படிப்பு முடிந்தபின் நிதானமாக விண்ணப்பித்தால் அது பலிக்காமல் போகலாம்.

வெளிநாட்டு லீக்? 18 வயதுக்கு முன் நாடு மாறி ஆட ஃபிபா எனும் உலகக் கூடைப்பந்து சம்மேளனம் பொதுவாக அனுமதிப்பதில்லை. பிறகும் பிஎஃப்ஐயின் அனுமதிக் கடிதம் வேண்டும். உரிமம் பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் ஃபிபா இணையதளத்திலேயே இருக்கிறது. இவர் பெயரைத் தேடிப் பாருங்கள். நேர்மையான ஏஜென்ட் ஒப்பந்தம் ஆனபின்தான் கமிஷன் எடுப்பார்.

மகளின் ஒரிஜினல் மார்க் ஷீட், பாஸ்போர்ட் ஏதும் இவர் கையில் இருந்தால், வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பே அதை வாங்கி வீட்டில் வையுங்கள்.