தனியார் ஜெட் நிறுவனம் விமானங்களை மாற்றினால் எந்த பைலட்டுக்கு எது?

சீனியாரிட்டி என்பது வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி அமையும் வரிசை. பழைய ஜெட்டுகள் போய்ப் புதியவை வரும்போது, இந்த வரிசையைப் பின்பற்றும் நிறுவனங்களில் மூத்தவர் முதலில் விருப்பம் சொல்வார், மிச்சம் அடுத்தவருக்கு. முதலாளிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வராமல் இருக்கத்தான் இது.

மாட்டுத்தாவணியில் ஒரு டிராவல்ஸ்காரர் நாலு வேனை விற்று இரண்டு பெரிய பஸ் வாங்குகிறார் என்று வையுங்கள். பழைய டிரைவர் “கொடைக்கானல் பஸ் எனக்கு” என்பார். சரி, கனரக வாகன லைசென்ஸ் இருக்கிறதா? விமானத்தில் இது இன்னும் கறார். சைட்டேஷன் என்ற சிறிய ஜெட்டை ஓட்டியவர் சேலஞ்சர் என்ற பெரிய ஜெட்டுக்கு மாற, அந்த ரகத்துக்கென்றே சிமுலேட்டர் பயிற்சியும் தேர்வும் முடித்து உரிமத்தில் பதிய வேண்டும். செலவு கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம், சீனியர் என்றாலே கேப்டன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, சிறிய ஜெட்டில் கேப்டனாக இருந்தவர் பெரியதில் துணை பைலட்டாக உட்காருவதும் உண்டு.