ஊர் பல பார்த்தவருக்கு லைஃப் கோச் வேலை சரிவருமா? பிரம்ப்டன் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. அது நல்லதுதான்; சுருக்கமாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தீர்கள். துபாயில் ஏசி பராமரிப்பு வேலை, பிறகு பினாங்கில் தொழிற்சாலை, இடையில் முதுகில் பையோடு வியட்நாம், நேபாளம், ஜார்ஜியா. இப்போது கனடாவின் ஒன்ராறியோவில் கல்லூரி முடித்துக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பையன்கள் இடைவேளையில் உங்களிடம் மனம்விட்டுக் கதைக்கிறார்கள். 'அண்ணா, நீங்கள் லைஃப் கோச் ஆகலாம்' என்கிறார்கள். விடை சொல்லாமல், கேள்வி கேட்டே ஒருவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்க உதவும் வேலை அது. இத்தனை அனுபவம் போதுமா, நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன், கிடங்கு வேலையை இப்போதே விட்டுவிடலாமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. விடாதீர்கள். நீங்கள் இருப்பது படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில். அது திறந்த அனுமதி என்பதால் சொந்தத் தொழில் செய்வதைத் தடுக்காது. ஆனால் நிரந்தர வதிவிடத்துக்குக் கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்கும்போது, சொந்தத் தொழிலில் உழைத்த காலத்தை அவர்கள் எண்ணுவதில்லை. ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு, தகுதியான தொழில் வகையில் 1,560 மணி நேரம், அதாவது வாரம் 30 மணி வீதம் ஓர் ஆண்டு, வேலை செய்திருக்க வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலையும் சேராது. கிடங்கு மேற்பார்வை பொதுவாகத் தகுதியான வகைக்குள் வரும். ஆனால் நிறுவனம் தரும் கடிதத்தில் உள்ள கடமைகள் அந்த வகையின் விளக்கத்தோடு பொருந்துகின்றனவா என்று இப்போதே பாருங்கள். இந்த அனுமதி வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும். ஆர்வத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கி, அந்த ஆண்டு கணக்கிலேயே வராது என்று பிறகு தெரிந்து தலையில் கைவைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். வதிவிட அட்டை கைக்கு வரும்வரை கோச்சிங் உங்களுக்கு மாலை நேரப் படிப்பு, அவ்வளவுதான்.

இனி என் வழி. நீங்கள் பயணம் போனவர், நான் இடம்பெயர்ந்தவள். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் மழையில் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிறகு கிளிநொச்சியில் தொண்டர் ஆசிரியை, கொழும்பில் லொட்ஜ் வாழ்க்கை, சென்னை வளசரவாக்கத்தில் பிள்ளைகளுக்கு ரியூஷன், பாரிஸில் வீடுகளைத் துப்புரவு செய்யும் வேலை, கடைசியாகக் கல்யாணத்தோடு ரொறன்ரோவின் ஸ்காபரோ. நீங்கள் டிக்கெட் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஊர்களையும் நான் தள்ளப்பட்ட ஊர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. குத்திக்காட்டச் சொல்லவில்லை. மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் 'பல நாடு கண்ட அனுபவமே இவரை வாழ்க்கைப் பயிற்றுநர் ஆக்கியது' என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்; அதை நீங்களும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னை இதற்குத் தயார்ப்படுத்தியது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் இரவு வேலை. அந்தப் பராமரிப்புப் பணியாளரைப் பி.எஸ்.டபிள்யூ. என்று இங்கே சொல்வார்கள். நம் பெண்கள் நிறையப் பேர் அதில்தான் காலூன்றினார்கள். புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், உடை மாற்ற வேண்டும், கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். இடுப்பு போய்விடும். நடுச்சாமத்தில் அழைப்பு மணி அடிக்கும். போய்ப் பார்த்தால் தண்ணீரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். மகன் வன்கூவரிலிருந்து வருவதே இல்லை என்று ஓர் இத்தாலிய அம்மா சொல்வார். 'அவருக்கு வேலை கூடுதலாக இருக்கும், கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் வருவார்' என்று யாராவது ஆறுதல் சொன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதே அம்மாவிடம், ஒன்றும் சொல்லாமல் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, 'மகன் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் போதும். அவனுடைய பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தொடங்குவார். சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தானாகவே, 'அவனுக்கு என் குரலைக் கேட்கப் பயம். நாளைக்கு நான்தான் கூப்பிட வேண்டும்' என்பார். அந்தத் தீர்வை நானோ தாதியோ சொல்லியிருந்தால் அவர் செய்திருக்க மாட்டார். இத்தனைக்கும் எனக்கும் அவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலம்.

அதன் பிறகு குடியேறியோருக்கு உதவும் ஒரு நிலையத்தில் சில காலம் இருந்தேன். சுகாதார அட்டை, சமூகக் காப்புறுதி எண், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வாடகை ஒப்பந்தம். அங்கே விடை சொல்வதுதான் வேலை. தவறான விடை சொன்னால் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் பாதிப்பு. கோச்சிங் அதற்கு நேர் எதிர்த்திசை. இரண்டையும் செய்து பார்த்ததால்தான் எந்த நேரத்தில் எந்தத் தொப்பி என்று எனக்குத் தெரியும். புதிதாக வந்த ஒருவர், 'என் கணவரின் வேலை அனுமதி முடிகிறது, என்ன செய்வது?' என்று கேட்கும்போது, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கண்களைப் பார்த்துக் கேட்பது கோச்சிங் அல்ல, கொடுமை. அவருக்கு வேண்டியது தகவல்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அனுபவம் கூடக் கூட வாய் நீளும், தம்பி. இந்தத் தொழிலில் அதுதான் பெரிய இடைஞ்சல். எதிரில் இருப்பவர், 'மேலாளர் என்னை மதிப்பதில்லை' என்று தொடங்குவார். உங்கள் நாக்கு நுனியில் 'துபாயில் எனக்கும் ஒருவன் இருந்தான்' என்பது வந்து நிற்கும். அதைச் சொன்னால் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது ஆகிவிடும். அவர் பணம் கொடுத்து உங்கள் கதை கேட்டுவிட்டுப் போவார். சுவாரசியமாக இருந்தது என்றுகூடச் சொல்வார். அடுத்த முறை வர மாட்டார், அல்லது கதை கேட்பதற்காக மட்டும் வருவார்.

அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. அது கேள்வியில் தெரிய வேண்டும். துபாயின் தேராப் பகுதியில் ஓர் அறைக்குள் அடுக்குக் கட்டிலில் பலரோடு படுத்தவருக்கு, 'ஒரு நாளில் நீங்கள் தனியாக இருக்கும் நேரம் எது?' என்று கேட்கத் தோன்றும். பிரம்ப்டன் நிலவறை வீடுகளில் அறையைப் பகிர்ந்து வாழும் மாணவரிடம் இந்த ஒரு கேள்வி எதையெதையோ திறந்துவிடும். வசதியான வீட்டில் வளர்ந்து பாடநெறி மட்டும் முடித்தவருக்கு அது லேசில் வராது. வியட்நாமையும் ஜார்ஜியாவையும் உங்கள் அறிமுகத்தில் போடுங்கள், ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஊர் சுற்றியவர் எல்லாம் மனிதரைப் படித்தவர் என்ற பேச்சு எனக்கு ஏற்புடையதல்ல. முப்பது நாடு போய்வந்தும் தன் மனைவி ஏன் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்காத மனிதர்களை நான் அறிவேன்.

படிப்புக்கு வருவோம். கனடாவில் யாரும் லைஃப் கோச் என்று பெயர்ப்பலகை மாட்டலாம். உரிமம் கிடையாது, தடுக்கச் சட்டமும் இல்லை. அதனால்தான் சனி, ஞாயிறு இரண்டு நாளில் சான்றிதழ் என்று விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓரளவு மதிப்புள்ள அளவுகோல் ஐ.சி.எஃப். எனப்படும் சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு. தோமஸ் லெனர்ட் என்ற அமெரிக்க நிதித் திட்ட ஆலோசகர் 1995இல் அதைத் தொடங்கிவைத்தார். அவரும் வேறு வேலையிலிருந்து வந்தவர்தான். பணக் கணக்குப் பார்க்க வந்தவர்கள் வாழ்க்கைக் கணக்கையும் அவரிடம் விரித்தார்கள். அந்தக் கூட்டமைப்பின் முதல் நிலைத் தகுதிக்கு 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேரம் நேரடியாகச் செய்த அனுபவம், மூத்தவர் ஒருவரிடம் 10 மணி நேர வழிகாட்டல், பிறகு ஒரு பரீட்சை. அடுத்த நிலைக்கு 125 மணிப் பயிற்சியும் 500 மணி அனுபவமும். அதற்கும் மேல் நிலைக்கு 2,500 மணி அனுபவம். இந்த எண்களில் உங்கள் துபாயும் இல்லை, என் நாவற்குழியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூத்தவர் ஒருவர் உங்கள் உரையாடல் பதிவைக் கேட்டு, 'இந்த இடத்தில் நீ குறுக்கே விழுந்தாய்' என்று சுட்டிக்காட்டும் அந்த 10 மணி நேரத்துக்கு மட்டுமே கட்டணம் தகும் என்பது என் கருத்து.

ஒரு கோடு மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் உளச்சிகிச்சை சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. 2017 டிசம்பர் இறுதியிலிருந்து பதிவுபெற்ற சில துறையினர் மட்டுமே அதைச் செய்யலாம். நம் சனத்திடம் இந்தக் கோடு சட்டென்று வந்துவிடும். வேலை மாறுவது பற்றிக் கதைக்க வந்தவர், இரண்டு மூன்று சந்திப்பில் முள்ளிவாய்க்காலுக்குப் போய்விடுவார். குரல் மாறும், மூச்சு மாறும். எனக்கும் அந்த ஊரும் அந்தப் பாதையும் தெரியும் என்பதாலேயே உள்ளே போகும் ஆசை வரும். போவதில்லை. நிறுத்தி, தமிழ் தெரிந்த பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளரிடம் அனுப்புகிறேன். சாவைப் பற்றிக் கதைத்தால் அங்கேயே அவரோடு சேர்ந்து தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 எண்ணை அழைக்க வேண்டும். கனடா முழுவதும் 2023 நவம்பரிலிருந்து அது இரவு பகல் இயங்குகிறது. உங்கள் பக்கத்து மாணவர்களிடம் வேறு காயங்கள் இருக்கும்: ஊரில் அடகு வைத்த நிலம், முகவர் வாங்கிய பணம், வீட்டுக்குச் சொல்லாத பொய்கள். அவற்றிலும் இதே கோடு உண்டு.

காசு விஷயத்தில் ஏமாற்ற மாட்டேன். இதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டுகிறவர் நம்மவர்களில் மிகக் குறைவு. சாத்திரம் பார்க்கிறவருக்கு முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுக்கும் சனம், 'ஒரு மணி நேரம் கதைக்கக் காசா?' என்று என்னிடம் கேட்கும். சாத்திரக்காரர் விடை சொல்லிவிடுகிறார், நான் கேள்வி கேட்கிறேன். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எனக்கு வருமானம் பெரும்பாலும் நிறுவனங்களிலிருந்து வருகிறது: புதிதாக மேலாளர் ஆனவர்களுக்கு, நீண்ட விடுப்பிலிருந்து வேலைக்குத் திரும்பும் தாய்மாருக்கு. நீங்கள் கிடங்கு மேற்பார்வையில் நல்ல பெயர் எடுத்து, நிறுவனத்துக்குள்ளேயே பயிற்சிப் பொறுப்புக்குப் போவது தனியாகக் கடை போடுவதைவிட விரைவான பாதையாக இருக்கலாம். தனியாகச் செய்யும் நாளில், தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.டி. எனப்படும் விற்பனை வரிக்குப் பதிய வேண்டும். அந்த நாள் வரும்போது நல்ல கணக்காளர் ஒருவரும் கிடைப்பார்.

ஸ்காபரோவானாலும் பிரம்ப்டனானாலும் நம் ஊர் சின்ன ஊர். என்னிடம் வருபவரின் மச்சாளை அடுத்த ஞாயிறு கோயிலில் சந்திப்பேன். கல்யாண மண்டபத்தில் அவரே எதிரில் வந்து நிற்பார். அவர் முதலில் வணக்கம் சொல்லாதவரை எனக்கு அவரைத் தெரியாது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பலருக்குத் தோள் இறங்குவது அந்த நிமிடத்தில்தான்.

கடைசியாக, அந்தப் பையன்கள். அவர்கள் உங்களிடம் மனம்விட்டுக் கதைப்பது நல்ல அறிகுறி, ஆனால் அவர்களை வைத்துப் பயிற்சி எடுக்காதீர்கள். அவர்களுடைய நேர அட்டவணையைப் போடுவது நீங்கள். கூடுதல் நேர வேலை யாருக்கு என்று முடிவு செய்வதும் நீங்கள். 'எனக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை' என்று ஒருவன் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் ஆட்குறைப்புப் பட்டியல் கேட்கும்போது அதை எப்படி மறப்பீர்கள்? அவர்களுக்கு நல்ல அண்ணனாக இருங்கள், அது போதும். பயிற்சிக்கு, பாடநெறியில் கூடப் படிப்பவர்களோடு மாறி மாறிச் செய்யலாம். உங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். முதல் நிலைத் தகுதிக்கான அந்த 100 மணி அனுபவத்தில் 75 மணி கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும், சிறு தொகையாக இருந்தாலும் சரி. ஆகவே முதல் நாளிலிருந்தே ஏதாவது வாங்குங்கள், தேதியோடு எழுதி வையுங்கள்.

பாடநெறி தேர்ந்தெடுக்கும் கட்டம் வந்ததும் பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள். மூத்தவர் ஒருவர் உங்கள் உரையாடலைக் கேட்டுத் திருத்துவது அதில் சேர்ந்திருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டு வாங்கிய பதிலையும் சேர்த்து அனுப்புங்கள்.