கேபிள் பின்னல்: முழுவதும் பிரிக்காமலே திருத்தலாம்

தேன்கனிக்கோட்டையிலிருந்து: அக்கா, மார்கழிக் குளிருக்குள் மகனுக்குக் கேபிள் போட்ட ஸ்வெட்டர் பின்ன ஆசை. நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்கள்தான் தெரியும். போதுமா?

தாராளமாகப் போதும். கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, முறுக்குபோலத் தெரியும்படி இடம் மாற்றிப் பின்னுவதுதான் கேபிள். ஆனால் எடுத்தவுடன் ஸ்வெட்டரில் இறங்காமல், வெளிர் நிற நூலில் 18 கண்ணிகள் போட்டு ஒரு துண்டு பின்னுங்கள். முன்பக்கத்தில் 6 பர்ல், 6 நிட், 6 பர்ல். மறுபக்கத்தில் 6 நிட், 6 பர்ல், 6 நிட். ஆறு வரிசைக்கு ஒருமுறை, முன்பக்கத்தில், நடு ஆறில் முதல் மூன்றைத் துணை ஊசிக்கு (கண்ணிகளைச் சற்று நேரம் தாங்கும் சிறு ஊசி) மாற்றி முன்னால் நிறுத்துங்கள். அடுத்த மூன்றை நிட் போட்டபின் துணை ஊசியில் உள்ளவற்றைப் பின்னுங்கள். முறுக்கு இடப்பக்கம் சாயும். துணை ஊசியைப் பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம் சாயும்.

தருமபுரியிலிருந்து: துணை ஊசி கடையில் கிடைக்கவில்லை.

பெரிய ஊக்கு ஒன்று போதும். எதை எடுத்தாலும் பின்னும் ஊசியைவிடத் தடிமனாக இருக்கக் கூடாது, கண்ணி விரிந்துவிடும்.

ஓசூரிலிருந்து: முன்பகுதி முக்கால்வாசி முடிந்துவிட்டது. இப்போதுதான் கீழே ஒரு முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம், அம்மா! அந்த ஆறு கண்ணிகளை மட்டும் பிரித்தால் போதும். கேபிள் வரும் இடம்வரை பின்னிக்கொண்டு போய், அந்த ஆறை மட்டும் ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். தப்பான முறுக்கு வரிசையும் அவிழும்வரை இறக்குங்கள். ஏணிப்படிபோலக் குறுக்கு நூல்கள் நிற்கும். ஒரு படி ஒரு வரிசை. ஆறு கண்ணிகளையும் இருமுனை ஊசியில் ஏற்றி, அடிப்படியின் நூலால் சரியான பக்கம் முறுக்கிப் பின்னுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, அடுத்த படியை மீண்டும் வலமிருந்து தொடங்குங்கள். மறுபக்க வரிசையின் நூலையும் முன்பக்கத்திலிருந்தே நிட் போடலாம். ஆறும் முன்பக்கத்தில் நிட்டாகத் தெரிபவைதானே. இடையில் வேறு முறுக்குகள் இருந்தால் அவற்றையும் அந்தந்தப் படியில் போட மறக்காதீர்கள். ஓரக் கண்ணிகள் முதலில் கோணலாகத் தெரியும். ஊசி முனையால் நூலை இழுத்துச் சமன் செய்தால், துவைத்தபின் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி முறுக்குப் போடுவதற்கு முந்தைய வரிசையின் கண்ணிகளுக்குள் வேறு நிறத் தையல் நூலை ஓட்டி வையுங்கள். பிரிக்க நேர்ந்தாலும் அந்த நூலைத் தாண்டி எதுவும் அவிழாது.

பாலக்கோட்டிலிருந்து: எந்த வரிசையில் முறுக்கினேன் என்பதே மறந்துவிடுகிறது.

முறுக்கிய வரிசையிலேயே ஒரு சிறிய ஊக்கு மாட்டுங்கள், தம்பி. அதற்கு மேலே எண்ணினால் போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து: கேபிளின் இடது ஓரக் கண்ணி மட்டும் தொளதொளவென்று நிற்கிறது.

நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் கூடுதலாகச் செல்வதால் வருவது இது. கேபிளை அடுத்த முதல் பர்லுக்கு மட்டும் நூலை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் ஊசியில் சுற்றுங்கள். மறுபக்க வரிசையில் அதே கண்ணியைப் பின்கால் வழியாக, அதாவது வளையத்தில் ஊசிக்குப் பின்னால் நிற்கும் இழை வழியாக, நிட் போடுங்கள். ஓரம் இறுகிவிடும்.

அரூரிலிருந்து: அளவெடுத்துத்தான் பின்னினேன். ஆனாலும் மார்புப் பகுதி இறுக்குகிறது.

சாதாரணப் பின்னலில் அளவெடுத்திருப்பீர்கள். கேபிள் துணியை உள்ளே இழுக்கும். கேபிள் போட்ட மாதிரித் துண்டை நனைத்து உலர்த்தி, அதில் அளந்து கண்ணிகளைக் கூட்டுங்கள்.

தளியிலிருந்து: முடித்ததும் இஸ்திரி போடலாமா?

கூடாது. கேபிள் தட்டையாகிவிடும், அக்ரிலிக் நூலானால் சூட்டில் தளர்ந்து, பழையபடி திரும்பாது. நனைத்து, குளியல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட வேண்டாம்.