பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வைத்திருக்கும் தம்பி கஞ்சா கேஸில் மாட்டினால்?

கஞ்சாதான் கனடாவில் சட்டப்படி சரியாயிற்றே, டொரண்டோவில் வண்டி ஓட்டிய தம்பி மேல் ஏன் கேஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். புகைப்பது சரி, புகைத்த போதையில் ஓட்டுவது குற்றம். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமோ அதற்கு மேலோ டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருந்தால் முதல் தடவைக்கே குறைந்தது 1,000 டாலர் அபராதம். 2 முதல் 5க்குள் என்றால் அதிகபட்சமே 1,000தான். ஜி2 லைசென்ஸ்காரருக்குத் (புது ஓட்டுநருக்கு) துளிகூட ஆகாது.

அபராதத்தை விடுங்கள், பிஆர்தான் எனக்குக் கவலை. 2018 டிசம்பரிலிருந்து போதையில் ஓட்டுவதற்கு (மேலே சொன்ன 2 முதல் 5 அளவு தவிர) அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு சிறை. குடிவரவுச் சட்டம் பார்ப்பது இந்த அதிகபட்சத்தைத்தான், கிடைத்த தண்டனையை அல்ல. அதனால் சிறைக்கே போகாமல் அபராதத்தோடு முடிந்தாலும் பிஆர் பறிபோகலாம். "ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிடு" என்று மாமா, மச்சான் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோர்ட் தேதிக்கு முன்பே, கிரிமினல் வக்கீலோடு குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரையும் பாருங்கள்.